வாசல் இல்லாத தோட்டம்

படத்துக்குள் பனி பிடிக்கிறது என்று ஓவியர் அம்மா போன் செய்தார்.

நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். ஐம்பது வருஷமாக அதே வேலை. ஒரு வக்கீலின் புகைப்படம் தன்னை மாட்டிய ஆணியை மூன்று தடவை துப்பியிருக்கிறது. நாலாவது தடவை ஜன்னலைப் பார்த்தபடி மாட்டினேன், அடங்கிவிட்டது. இதை நம்பாதவர்கள் மேற்கொண்டு படித்துச் சிரமப்பட வேண்டாம்.

நான் கிளம்பும்போது, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அன்னைக்கே சொன்னேன், தண்ணி வர்ணப் படத்துமேல கண்ணாடிய ஒட்ட வைக்காதீங்கன்னு. அந்தம்மா கண்ணு கலங்கினதும் ஐயா உருகிட்டீங்க."

"நான் எங்க உருகினேன்? தும்மல் வந்துச்சு."

"ஆமாமா, கண்ணுல வர்ற தும்மல்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நீர்வண்ணம் தீட்டிய தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். தாள் மூச்சுவிடட்டும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். ஆனால் இந்தப் படத்தில் நாலு பக்கமும் ஒரு மதில், தாளின் விளிம்பு வரைக்கும். அட்டை வைத்தால் மதில் ஒரு விரல் அகலம் மறையும். "மதில் மறையவே கூடாது ஐயா," என்றார் அந்தம்மா. கண்ணாடியைத் தாள்மேல் அழுத்தி, பின்பலகை வைத்து, டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டான்.

மூன்றாவது மாடி. பழைய கட்டடம். கதவைத் திறந்ததும் இருட்டு முகத்தில் வந்து ஒட்டியது. வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் துணியைத் திணித்து வைத்திருந்தார். ஈரத்தாளின் வாசனை. அதற்கு அடியில் மருந்து வாசனை. மருந்து குடிக்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போய் எட்டு மாசம் ஆகிறது.

படம், அந்த மருந்தைக் குடித்த மகளின் காலிக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தது.

பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில், தோலில் கையால் எழுதிய புத்தகங்களில் இப்படி வரைவார்களாம். அதில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பொருள் உண்டாம். தன் மார்பைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் கூழைக்கடா, அது தாய். கழுத்துப் பட்டையோடு படுத்திருக்கும் ஒற்றைக் கொம்புக் குதிரை. அது களங்கம் இல்லாத உயிர். மூலையில் ஒரு வீரன் நத்தையோடு வாள்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறேன். அது இன்னும் தகராறில் இருக்கிறதாம். நத்தைதான் ஜெயிக்கும் போலிருந்தது.

குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி. வெறும் வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தீட்டாமல் விட்டுவிடுவார்கள், தாள்தான் வெள்ளை. "அவமேல நான் பிரஷ்ஷே படவிடல," என்று அன்று சொல்லியிருந்தார்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சிறுமியின் முகத்துக்கு நேரே, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பனி.

வந்தது.

போனது.

வந்தது.

கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. உள்பக்கம்.

எண்ணிப் பார்த்தேன். நாலு தடவை சீராக வந்தது. ஐந்தாவது பாதியில் சிக்கி நின்று, பிறகு முடிந்தது.

"அப்படித்தான் விடுவா," என்று பின்னாலிருந்து மெல்லச் சொன்னார் அம்மா. "நுரையீரல் சரியில்ல. ஐஞ்சாவது மூச்சுல இழுக்கும்."

ஈரப்பதம்தான் காரணம் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அலுத்துவிட்டது. படத்தை இறக்கிக் கட்டிலில் கவிழ்த்து, டேப்பைக் கிழித்தேன். பின்பலகை அசைந்ததும் உள்ளே நீளமாக ஒரு சத்தம். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்கள் இழுப்பார்களே, அந்த மாதிரி.

"பலகை முனகுது," என்றேன்.

"இல்ல ஐயா," என்றார்.

கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கத்தில் அஞ்சு சின்ன விரல் தடங்கள். அதற்கு மேலே இன்னொரு அஞ்சு. ஏறப் பார்த்தவை.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "குதிரை பக்கத்துல இந்தப் பச்சை... நான் போட்டதில்ல."

குதிரைக்குப் பக்கத்தில் புல்தான் இருந்தது. சிறுமி மதிலோரம் நின்றாள், கல்லில் முகத்தை வைத்து.

"மூடிடுங்க ஐயா. தூசி பட்டா இழுப்பு வந்துடும் அவளுக்கு."

"வாசல் எங்கம்மா இதுக்கு?"

"பழைய படங்கள்ல மூடின தோட்டம்னு வரும். உள்ள இருக்கறவங்களுக்கு வெளிலேருந்து எந்தக் கெடுதலும் வராது. சிலதுல வாசல் வைப்பாங்க. நான் வைக்கல." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம் இந்த ரூமை விட்டு வெளிய விடல. காத்து ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டா. கீழ தெரு வரைக்கும் போயிட்டு வரட்டுமாம்மான்னு. நாளைக்குப் பாக்கலாம்னேன்."

கிழித்த டேப்பை உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"வாசல் வச்சா போயிடுவா," என்றார்.

"போவாம்மா."

"திரும்பி வருவாளா?"

"தெரியாதும்மா."

கண்ணாடிதான் இல்லையே, இனி பனி தெரியாது என்று நினைத்தேன். ஆனால் மதிலோரத்தில் தாள் மெல்ல உப்பியது. தணிந்தது. உப்பியது. தணிந்தது. மூன்றாவது. நாலாவது.

ஐந்தாவது உப்பியது.

தணியவில்லை.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

தணியவில்லை.

அம்மா எழுந்து ஓடினார். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர், ஒரு பிரஷ், ஒரு பழைய துணி. காய்ந்த வர்ணத்தை நனைத்தால் இளகும், துணியால் ஒற்றினால் தாளை விட்டு வந்துவிடும். மதிலின் ஒரு கல்லை நனைத்தார், ஒற்றினார். அடுத்த கல். மாசக்கணக்கில் அடுக்கிய கற்கள் ஒவ்வொன்றாகத் துணிக்கு வந்தன. கோடு கோணவில்லை. ஒரு சிறுமி குனியாமல் போகும் உயரத்துக்கு வாசல் விழுந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு போய் ஜன்னல் இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கி, கதவுகளை அகலத் திறந்தார். தெருச் சத்தமும் வெயிலும் ஒன்றாக உள்ளே விழுந்தன.

"மெதுவா போடா கண்ணு," என்றார், படத்தின் பக்கம் திரும்பாமல். "ஓடாத. மூச்சு வாங்கும்."

கீழே ஒரு பஸ் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். வேண்டுமென்றே அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பியபோது தாள் தட்டையாகக் கிடந்தது. மதிலோரத்தில் யாரும் இல்லை.

படத்துக்கு அட்டை வைத்து ஒழுங்காகச் சட்டம் போட்டேன். மதில் ஒரு விரல் மறைந்தது. அம்மாவே அட்டையைப் பிடித்துக்கொடுத்தார்.

பத்து நாள் இருக்கும். எதிர் சலூன்காரர் தானே வரைந்த படம் ஒன்றைச் சட்டம் போடக் கொண்டுவந்தார். மலை. அவர் மலை என்று சொன்னதால் மலை. மறுநாள் காலை என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, உச்சில வர்ணம் உதிர்ந்திருக்கு பாருங்க."

உதிரவில்லை. உச்சியில் அரிசி அளவுக்கு வெறும் தாள். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்று பகல் மேகமூட்டம். ஓவியர் அம்மா கடைக்கு வந்து, சுவரில் சாய்த்திருந்த அந்த மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"ஐயா, உங்க கிட்ட நிறையப் படம் வருமே. எதுலயாவது..."

அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளை, வளைவு வளைவாக மலைப்பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தது. என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். சொன்னால் அம்மா படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். அந்த அறையில், அந்தக் கட்டிலுக்கு எதிரே மாட்டுவார்.

"இல்லம்மா. ஒண்ணும் வரல."

வெள்ளை படத்தின் அடிவிளிம்புக்கு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. இப்போது விரல் உயரம் இருந்தது.

அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டார். "வெயில் வந்துடுச்சா? முதுகுல சூடா இருக்கு."

"இல்லியேம்மா," என்றாள் என் மனைவி.

அவர் இன்னும் கொஞ்ச நேரம், ஏனென்று தெரியாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் படத்தைப் பார்த்தபோது அவள் மறுபடி பாதி மலை ஏறியிருந்தாள்.