எதிர்ப்பக்கம் போன மேசை

“வலது பக்க அம்புக்குறியை அழுத்தினா, மேசை ஏன் மாமா இடது பக்கம் போகுது?”

கேட்டவள் கடுகு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். ஆனால் ஆள் சின்னது, சூடு பட்டால் படபடவென்று வெடிக்கும் குணம். அதனால் மாமா வைத்த பெயர்தான் வீட்டில் நிலைத்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மின்சார வேலையில் கெட்டிக்காரர். அம்மாவோ பட்டறை நடத்துகிறவர். அந்தப் பட்டறையில் பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் ஒன்று இருந்தது. கொடுத்த கட்டளைப்படி, உலோகத்தை ஏந்திய மேசையைத் தானே நகர்த்தி, சுழலும் கட்டரால் சீவி, வேண்டிய உருவத்தைச் செய்து தரும் இயந்திரம் அது. அதன் இரும்பு உடம்பு யானை மாதிரி உறுதியாக இருந்தது. கட்டளை போடும் கன்ட்ரோலர்தான் பாதி வேலையில் தூங்கி வழிந்தது.

“உடம்பு நல்லாத்தானே இருக்கு? மூளையை மட்டும் மாத்திடலாம் அக்கா” என்றார் மாமா.

பழைய கன்ட்ரோலரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ஒயர்களை ஒவ்வொன்றாக இணைத்தார். இன்று காலை திரை பளிச்சென்று எரிந்தது. அம்மா அலுமினியக் கட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் மெஷின் பக்கம் வரவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆனால் கடுகு கெஞ்சிய கெஞ்சலில் மாமா இளகிவிட்டார்.

“சரி, கட்டர் சுத்தலை. ஒரே ஒரு தடவை அழுத்திப் பாரு.”

அழுத்தியதும்தான் அந்தக் கேள்வி வந்தது. மாமா குனிந்து பார்த்தார். வலது அம்பு, இடது பக்கம் போகும் மேசை. தலையைச் சொறிந்தார்.

“மூளையைத் திருப்பி மாட்டிட்டீங்க போல!” என்று கடுகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒயர் வேலை தெரியுமே தவிர, மெஷினை ஓட்டிப் பழக்கமில்லை அவருக்கு. திரையைத் தட்டி, மேசை போகும் திசைக்கான ஏதோ ஒரு குறியை மாற்றினார். இப்போது வலது அம்பை அழுத்தினால் மேசை வலது பக்கமே போனது.

“அப்படி வா வழிக்கு!” என்றார் மாமா. இருவருக்கும் பரம திருப்தி.

மதியம் அம்மா அலுமினியக் கட்டையை மேசையில் இறுக்கிவிட்டு மெஷினை ஓட்டினார். கட்டர் சுழன்றது. சுருள் சுருளாக அலுமினியப் பிசிறுகள் தெறித்தன. மாமா சீட்டி அடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் அம்மா தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

அது நடை பழகும் ஒரு குழந்தையின் காலடியில் பொருத்தும் தகடு. நடைக்கருவி செய்யும் பெரியவர் இடது காலுக்குக் கேட்டிருந்தார். மாலையில் வாங்க வருவதாகவும் சொல்லியிருந்தார். அம்மாவின் கையில் இருந்ததோ வலது கால் தகடு. வளைவு, துளை எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தது.

“புது மூளையாம் புது மூளை! இடது எது, வலது எதுன்னு தெரியாத மூளை!”

“அக்கா, ஒயரெல்லாம் சரியாத்தான்...”

“நீ பேசாதே! சின்ன வயசுல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டியே, அது இன்னைக்கு வரைக்கும் பாடுச்சா?”

“அது பேட்டரி தீர்ந்துபோச்சுக்கா!”

“நான் இல்லாதப்போ இங்கே யாராவது வந்து மெஷின்ல கை வச்சாங்களா?”

கடுகு ஓர் எட்டு பின்னால் நகர்ந்தாள். மாமா அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“யாரும் வரலை. எல்லாம் நான்தான் செஞ்சேன்.”

“அப்போ தப்பு முழுக்க உன்னோடதுதான். பழைய கன்ட்ரோலரையே நான் மாட்டிக்கறேன். இனி இந்தப் பட்டறைக்குள்ள நீ கால் வைக்காதே!”

“நீயே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன், போ!”

மாமா அறைந்து சாத்திய வேகத்தில் கதவு அதிர்ந்தது.

கடுகுக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா மேல் கோபம். இனி மாமா வரவே மாட்டாரே என்று நினைக்க நினைக்க இன்னும் கோபம். ‘கடுகுதான் அழுத்தினாள்’ என்று சொல்லாமல் போன மாமா மேலும் கோபம். அதற்கெல்லாம் அடியில் தன் மேலேயே ஒரு கோபம் இருந்தது. அதை மட்டும் அவள் தொடவில்லை.

பட்டறையின் மூலையில் உட்கார்ந்து, காகிதத்தில் அம்மாவை வரைய ஆரம்பித்தாள். பூசணிக்காய் அளவு மூக்கு வைத்தாள்.

“வீட்டுப்பாடம் எழுதாம என்ன கிறுக்கிட்டு இருக்கே? கொடு இப்படி!”

அம்மா அவளுடைய இடது பக்கம் நின்று காகிதத்தைப் பிடித்து இழுத்தார். “தரமாட்டேன்!” என்று கடுகு பென்சிலைக் காகிதத்தில் ஊன்றி அழுத்திக்கொண்டாள். பென்சில் அசையவில்லை. காகிதம்தான் போனது.

அம்மா படத்தைப் பார்த்தார். “இது நானா? எனக்கு எதுக்கு மீசை?”

மூக்கிலிருந்து ஒரு நீண்ட கோடு, காகிதத்தின் வலது ஓரம்வரை ஓடியிருந்தது.

கடுகு அந்தக் கோட்டையே பார்த்தாள். காகிதம் போனது இடது பக்கம். கோடு விழுந்தது வலது பக்கம்!

சட்டென்று மெஷினைப் பார்த்தாள். கட்டர் பென்சில் மாதிரி. அது இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. மேசைதான் காகிதம் மாதிரி நகர்கிறது. வலது பக்கம் வெட்ட வேண்டுமானால் மேசை இடது பக்கம்தான் போக வேண்டும். மாமா முதலில் சரியாகத்தான் வைத்திருந்தார். குறியை மாற்றியதால்தான் தகடு இடவலம் மாறிவிட்டது!

இதைச் சொல்வது எளிது. இதற்குப் பின்னால் இருப்பதைச் சொல்வதுதான் கஷ்டம். “கடவுளே, எனக்குத் தைரியம் கொடு” என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு கடுகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழுத்தியது, கேலி செய்தது, மாமா குறியை மாற்றியது, எல்லாவற்றையும்.

அம்மா விறுவிறுவென்று மெஷினிடம் போனார். அம்பை அழுத்தினார். மேசையைப் பார்த்தார். தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார்.

“கோபத்துல இதைக்கூட நான் பார்க்கலையே!”

அடுத்த நொடி மகள் பக்கம் திரும்பினார். “கட்டர் திடீர்னு சுத்த ஆரம்பிச்சு, அதுல விரல் பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்!” குரலில் கோபமும் இருந்தது, நடுக்கமும் இருந்தது. “முதல்ல போய் உன் மாமாவைக் கூட்டிட்டு வா.”

“நீங்கதானேம்மா போகச் சொன்னீங்க? நீங்களே போய்க் கூப்பிடுங்க!”

அம்மா முறைத்தார். கடுகும் முறைத்தாள். கடைசியில் அம்மாதான் கதவைத் திறந்தார்.

மாமா எங்கும் போயிருக்கவில்லை. தன் பைக் மேல் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். கோபத்தில் சாவியைப் பட்டறைக்குள்ளேயே விட்டுவிட்டார். எடுக்க உள்ளே வர ரோஷம் விடவில்லை.

“உள்ளே வாடா.”

“கால் வைக்காதேன்னு நீதானே சொன்னே?”

“கையை மட்டும் நீட்டி வேலை பார்ப்பியா? அவசரப்பட்டுத் திட்டிட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு. வா.”

மாமாவின் முகம் இன்னும் உப்பியே இருந்தது. ஆனாலும் வந்தார். குறியை மறுபடி மாற்றினார். இருந்த இன்னொரு கட்டையை அம்மா இறுக்கினார். மெஷின் ஓடி முடித்ததும் மூவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

இடது கால்!

“அதிகமா இளிக்காதே” என்றார் அம்மா தம்பியிடம். “பிள்ளையை மெஷின் கிட்டே விட்டதுக்கு இன்னைக்குப் பட்டறையைப் பெருக்கறது நீதான்.”

“என்னைக் காட்டிக் கொடுத்திட்டியா கடுகு?” என்று மாமா முணுமுணுத்தார்.

“என்னைத்தான் காட்டிக் கொடுத்துக்கிட்டேன். நீங்க கூடவே மாட்டிக்கிட்டீங்க.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமி மறைத்தார்.

சொன்னபடி மாலையில் பெரியவர் வந்தார். தகடு கருவியில் பொருந்துகிறதா என்று பார்க்க அம்மாவும் மாமாவும் அவருடன் வாசலுக்குப் போனார்கள். மெஷினை அம்மா நிறுத்திப் பூட்டியிருந்தார். உள்ளே கடுகு மட்டும் நின்றாள். தரையெல்லாம் அலுமினியப் பிசிறுகள் மின்னிக்கொண்டிருந்தன. வாசலில் அம்மாவும் மாமாவும் மறுபடி எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

கடுகு அம்மாவின் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டாள். அவை முழங்கைவரை வந்தன. மூலை முடுக்கெல்லாம் நிதானமாகப் பெருக்கி, பிசிறுகளை அள்ளித் தொட்டியில் போட்டாள். கையுறைகளை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மாமா துடைப்பத்தைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தபோது, பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பின்கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.