வாழைமரத்துக்கு ஒரு கபர்

போன் அலறியது.

கிஜிவேனி காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மகாமே அப்போதுதான் இஞ்சிக் காபியில் வாய் வைத்திருந்தார்.

"சார்... கபர்ல மையத்து இல்ல சார்!"

"யாருய்யா பேசறது?"

"ஃபகி சார். ஹோட்டல் பொக்லைன் டிரைவர். கோம்போ மாமா கபரைத் தோண்டிட்டோம்... உள்ளே ஆளைக் காணோம்!"

"ஆள் இல்லாம வேற என்ன இருக்கு?"

"வாழைமரம் சார்! கஃபன் துணி சுத்தின வாழைமரம்!"

காபி சட்டையில் கொட்டியது.

போன வாரம் அந்த சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் மகாமேயும் ஒருவர். குழியில் மூன்று பிடி மண் போட்டவர். போலீஸ் மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஊர்க்காரனாக நின்று துஆ கேட்டவர்.

ஒரு வாழைமரத்துக்கா?

ஜீப் பறந்தது.

இரண்டு ஹோட்டல் மதில்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது கோம்போவின் தென்னந்தோப்பு. கிஜிவேனியில் ஊர்க்காரன் கடலைப் பார்க்க மிச்சமிருந்த ஒரே சந்து. படகுகளை இழுத்துப் போடவும், பெண்கள் கடற்பாசி காயப் போடவும் அதை விட்டால் வேறு இடம் இல்லை. மற்ற கரை முழுக்க மதில், பிளாஸ்டிக் படுக்கை, 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' பலகை.

வெளியாட்கள் என்றால் ஊர்க்காரர்கள்!

தோப்பில் கூட்டம். திறந்த குழியைச் சுற்றிப் பெண்கள் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"சூனியக்காரங்க வேலை! மனுஷனை உயிரோட தூக்கிட்டு வாழைமரத்தைப் போட்டுட்டுப் போயிருக்கானுங்க!"

"எங்க சித்தப்பாவையும் இப்படித்தான் கொண்டுபோனாங்க."

"உங்க சித்தப்பா பக்கத்து ஊர் விதவையோட ஓடினவரு. சும்மா இருடி!"

ஹோட்டல் மேனேஜர் ஜாபிர் கறுப்புக் கண்ணாடியோடு முன்னால் வந்தான். இதே ஊரில் பிறந்தவன். மகாமேயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குர்ஆன் ஓதியவன். கோம்போவிடம் நீச்சல் கற்றவன்.

"பாருங்க இன்ஸ்பெக்டர்! ஊரே சேர்ந்து பண்ணின மோசடி. மகன் உஸ்ஸி தோப்பை முறையா எங்களுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. கபர் மேல கட்டக்கூடாதுங்கறதுதான் ஒரே தடை. இது கபரே இல்லை! கேஸ் எழுதுங்க. நாளைக்கு நான் அஸ்திவாரம் போடணும்."

"எழுதறேன்" என்றார் மகாமே.

குனிந்து வாழைமரத்தைப் பார்த்தார். நல்ல கனமான அடிமரம். கஃபனை மடித்த விதம் நேர்த்தியாக இருந்தது. குளிப்பாட்டிக் கஃபன் இட்டவன், கோம்போவின் மைத்துனன் பாண்டு.

தோள் கொடுத்தபோது தனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை?

புரிந்தது. இந்த ஊரில் சந்தூக்கை யாரும் முழுத் தூரம் சுமப்பதில்லை. நாலடி வைப்பதற்குள் அடுத்தவன் ஓடி வந்து நன்மையைப் பங்கு கேட்பான். தோளுக்குத் தோள் மாறிக்கொண்டே போன சுமையின் கனம், ஊர் முழுக்கச் சுமந்தும், ஒருவனுக்கும் தெரியவில்லை!

கோம்போவின் மனைவி முவாகா, கணவனை இழந்தவள் தனித்து இத்தா இருக்கும் அறைக்குள் வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருந்தாள். மகாமே வாசல் திரைக்கு வெளியே நின்றார்.

"அக்கா, மாமா எங்கே?"

"அல்லாஹ்கிட்ட."

"அல்லாஹ்கிட்ட வாழைமரம்தான் போயிருக்கு. மாமா எங்கே?"

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"பெம்பாத் தீவுல தம்பி. அவரோட தங்கச்சி வீட்ல."

"யாரோட யோசனை?"

"அவரோடதுதான். 'உயிரோட இருந்தா ஜாபிர் தினம் வந்து கையெழுத்து கேக்கறான். செத்துட்டா கபர் மேல எவனும் கட்டமாட்டான். தோப்பு ஊருக்கு நிக்கும்'னாரு. ஹோட்டல் கட்டற வேலை வேற ஊருக்குப் போனதும் திரும்பி வந்துடுவாராம். கேட்டா, சூனியக்காரங்க விட்டுட்டாங்கன்னு சொல்லிக்கலாமாம்!"

மகாமேவுக்குச் சிரிப்பு வந்தது. கோம்போவேதான்! அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"உஸ்ஸிக்குத் தெரியுமா?"

"சொல்லலை. டவுன்ல இருக்கறவன், வாய் ஓட்டை. அப்பன் போனதும் வித்துட்டான் பாவி! எங்களுக்கு அது தோணவே இல்ல தம்பி."

"வேற யாருக்குத் தெரியும்?"

"நானும் பாண்டுவும்தான். அடக்கத்தன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி கடற்கரை வழியா நடந்து அடுத்த ஊருக்குப் போயி, அங்கேருந்து துறைமுகத்துக்கு வேன் ஏறுறேன்னாரு. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்னாரு..."

"பண்ணினாரா?"

"இல்ல. காசை மிச்சம் பிடிக்கிற மனுஷன்..."

அவள் குரல் தேய்ந்தது.

கடற்கரை வழி... அப்படியானால் ஹோட்டலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்!

மகாமே பெம்பாவுக்குப் போன் போட்டார். தங்கை எடுத்தாள். அண்ணன் மௌத்தாகிவிட்டதாக அவளுக்குத் தகவல் வந்ததாம். கதறினாள். அங்கே யாரும் வரவில்லை.

வெளியே ஃபகி கைகளைப் பிசைந்தபடி நின்றிருந்தான்.

"சார், நான் மாட்டேன்னுதான் சொன்னேன். கபர் மேல மெஷினை விட்டா என் கை அழுகிப்போயிடும்னேன். மேனேஜர்தான், 'உள்ளே ஒண்ணும் இல்லடா, தோண்டு! பாவம் என் தலையில'ன்னாரு."

"தோண்டறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே சார்."

மகாமே நிமிர்ந்தார்.

"ஃபகி, மாமா அடக்கத்துக்கு ஜாபிர் வந்தானா?"

"இல்ல சார். எங்களை எல்லாம் அனுப்பி வெச்சாரு. திரும்பி வந்தா, பாதியில நின்ன புது பார் தரைக்கு அவரே கான்கிரீட் போட்டு முடிச்சிருந்தாரு. கோட்டு போட்டவரு கலவை போட்டதைப் பாத்து நாங்க சிரிச்சோம்!"

ஹோட்டலின் புது பார் கடலைப் பார்த்து இருந்தது. ஜாபிர் மாம்பழ ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"கேஸ் எழுதியாச்சா மகாமே?"

"பாதி. ஒரே ஒரு சந்தேகம். காலையிலேருந்து ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒரு கேள்வி கேக்கறான். நீ மட்டும் கேக்கல."

"என்ன கேள்வி?"

"கோம்போ எங்கே?"

உறிஞ்சுகுழல் நின்றது.

"அவன்... எங்கேயாவது ஒளிஞ்சிருப்பான். எனக்கென்ன?"

"உனக்குத்தான்டா எல்லாமே! உயிரோட இருந்தா தோப்பு அவரோடது, மகன் எழுதிக் கொடுத்தது செல்லாது. செத்துப் புதைச்சிருந்தா அது கபர். ரெண்டுலயும் நீ ஒரு செங்கல் வைக்க முடியாது. நாளைக்கே அஸ்திவாரம் போடணும்னா, ஆள் செத்திருக்கணும்... ஆனா அந்தக் குழிக்குள்ள இருக்கக்கூடாது!"

"மகாமே, நாம ஒண்ணா ஓதினவங்க..."

"அதனாலதான் சொல்றேன். வெளிநாட்டுக்காரன் தெரியாமத் தோண்டுவான். நீ இந்த மண்ணுல வளர்ந்தவன். காலின்னு நிச்சயமாத் தெரியாம ஒரு கபர் மேல இரும்பு வைக்க உன் கையே வராது. ஊரே தோள் கொடுத்த அடக்கத்துக்கு நீ ஏன் வரலை? அங்கே நாங்க வாழைமரத்தைப் புதைச்சிட்டிருந்தோம். இங்கே நீ ஆளையே புதைச்சிட்டிருந்தே!"

மகாமே பூட்ஸால் தரையைத் தட்டினார்.

"ஃபகி! மெஷினைக் கொண்டா!"

"வேண்டாம்!"

ஜாபிர் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தான்.

"இருட்டுல வந்தான்... பேசிப் பார்த்தேன். சிரிச்சான். 'கடலை மறைச்சு சுவர் கட்டறியே, நான்தானேடா உனக்கு இதுல நீந்தக் கத்துக் கொடுத்தேன்'னான். ஒரே தள்ளுதான் மகாமே. படியில தலை பட்டது..."

மாலைக்குள் இரண்டாவது அடக்கம். அதே குழி. இந்த முறை மகாமே யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்கவில்லை. கனம் எலும்புவரை இறங்கியது.

அடக்கம் முடிந்து போகும் வழியில் முவாகாவின் வாசல் திரை முன் நின்றார்.

உள்ளேயிருந்து அழுகையே கேட்கவில்லை.

"போன வாரமே ஊருக்காக அழுது தீர்த்துட்டேன் தம்பி" என்றாள் முவாகா. "எல்லாத்தையும் வாழைமரத்துக்கே கொடுத்துட்டேன். அவருக்குன்னு ஒரு சொட்டு மிச்சம் இல்ல."

ஜாபிரின் நாற்காலி சூடு ஆறவில்லை. புது மேனேஜர் வந்து உட்கார்ந்துவிட்டான். நேராக காவல் நிலையம் வந்தான். முகமெல்லாம் பணிவு.

"நடந்ததுக்கு வருத்தப்படறோம் சார். ஒரு சின்ன உதவி. கபர் மூணாவது மாடியிலேருந்து தெரியுது. விருந்தாளிங்க சங்கடப்படறாங்க. பெரியவரைக் கொஞ்சம் தள்ளி... வேற நல்ல இடமா..."

மகாமே காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"முடியாது தம்பி. அவருக்குக் கடல் தெரியற ரூம்தான் பிடிக்கும். உங்க ஹோட்டல்ல ஒரு வாரம் தங்கிப் பார்த்துட்டுத்தானே அங்கே மாறியிருக்காரு... இனிமே செக்-அவுட் கிடையாது!"