ஒத்திகையன்று போனை எடுத்தது யார்?

"என் வேலை போறதோட முடியாது சார், போலீஸ் வரைக்கும் போவேன்னு மேனேஜர் மிரட்டுறார்."

சொன்னவள் வாஷிங் மெஷின் கம்பெனியொன்றின் கால் சென்டரில் மென்பொருள் பொறியாளர். கேட்டவர் தொலைபேசி இலாகாவில் தலை நரைத்து, ஓய்வுக்குப் பின் துப்பறிய வந்தவர். ஊரார் வைத்த பெயர் பாம்புச்செவி. பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி. முந்திரிக்கொட்டை என்று சொந்த அக்காவிடமே பட்டம் வாங்கியவன்.

"பெரிய கோளாறு வந்தா அழைப்பெல்லாம் மாற்று ஆபீசுக்குத் தானா போகணும். அதுக்கு வருஷா வருஷம் ஒத்திகை. இந்த வருஷம் என் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை மெயின் சர்வரை நிறுத்தினேன். மாற்று ஆபீசுல ஒரு போன்கூட அடிக்கலை. ஆனா கூப்பிட்ட அத்தனை பேருக்கும் யாரோ பதில் சொல்லியிருக்காங்க! மோசடிக் கும்பலுக்கு லைனை வித்துட்டேன்னு மேனேஜர் சொல்றார்."

ஒரு வாடிக்கையாளர் அன்று காலை அவளுக்கு அனுப்பிய ஒலிப்பதிவை, முதல்முறையாக இவர்களுக்குத்தான் போட்டுக் காட்டினாள். காலி அறையில் பேசுவதுபோல் எதிரொலி. பின்னால் சிரிப்புச் சத்தம்.

"சிவப்பு விளக்கு எரியுதாம்மா?" என்றது ஒரு பெண் குரல்.

"விளக்கே இல்லீங்களே, புது மாடல்."

"அப்படியா! நான் பார்த்ததே இல்லை. நம்பர் குடுங்க, கேட்டுச் சொல்லச் சொல்றேன்."

பாம்புச்செவி கண்ணை மூடிக்கொண்டார். "எங்க எக்ஸ்சேஞ்சுலயும் இப்படித்தான் பேசுவாங்க. முகமே பார்த்திருக்க மாட்டோம். குரலைக் கேட்டா வீட்டு மனுஷங்க மாதிரி இருக்கும்."

"மோசடிக்காரியும் தேன் ஒழுகத்தான் பேசுவா, அத்தான்!"

"சும்மா இரு மச்சான். ஏம்மா, முன்னால மாற்று ஆபீஸ் எங்க இருந்துச்சு?"

"மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு ஹால் சார். பூட்டியே கிடக்கு. சாவி மேனேஜர்கிட்ட."

அவர் மச்சானின் காதில் ஏதோ சொன்னார். அவன் சிட்டாய்ப் பறந்தான்.

பாம்புச்செவியும் பொறியாளரும் கம்பெனிக்குப் போனபோது, மேனேஜர் ஒலிப்பதிவைக் கேட்கவே மறுத்தார். "இந்தப் பொண்ணு ராஜினாமா எழுதிக் குடுத்தா, போலீஸ் வேண்டாம்னு விட்டுடறேன். போனை எடுத்த பொம்பளைங்களைத் தேடி அலைய எனக்கு நேரமில்லை."

"ஏமாத்த வந்தவ புது மாடல் தெரியாம வருவாளா?" என்றார் பாம்புச்செவி நிதானமாக. "பேசினது பழைய ஊழியர். எதிரொலிச்சது அந்தக் காலி ஹால். அழைப்பை மாத்தி அனுப்புற திட்டத்துல இன்னும் அந்த ஹால் நம்பர்தான் இருக்கு. ஒரு வருஷமாவது நிஜமா ஒத்திகை நடந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இந்தப் பொண்ணுக்கு முன்னால யாரும் சர்வரை நிறுத்தவே இல்லை. நடந்ததா நீங்க கையெழுத்து மட்டும் போட்டீங்க."

"என்ன ஆதாரம்?"

"எடுத்தது பொம்பளைங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒலிப்பதிவை நாங்க மூணு பேர்தான் கேட்டோம். வாடிக்கையாளர் யாரையும் நீங்க விசாரிக்கவே இல்லையே."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல மேனேஜர் விழித்தார். அந்நேரம் மச்சான் மூச்சிரைக்க நுழைந்தான். "அத்தான், ஞாயித்துக்கிழமை சாவி கொண்டுவந்தது இவங்கதான்னு காவலாளி சொன்னார்."

பின்னால் வந்தவள் மேனேஜரின் மனைவி. வாய் திறந்ததுமே பொறியாளருக்குப் புரிந்துவிட்டது. அதே குரல்.

"ஹாலை இடிக்கப் போறாங்கன்னு, கடைசியா ஒருதரம் பார்க்கப் பழைய ஆளுங்க கூடினோம். திடீர்னு எல்லா போனும் அடிச்சுது. கை சும்மா இருக்குமா? ஆளுக்கொரு சீட்டுல உட்கார்ந்துட்டோம். அவ்வளவு சந்தோஷமா இருந்து எத்தனையோ வருஷமாச்சுங்க." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்கு வந்ததும் உங்ககிட்டதானே முதல்ல சொன்னேன்? நாம முதமுதல்ல பேசிக்கிட்ட இடம்னு அழுதேனே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, மறுநாள் பழியை இந்தப் பொண்ணு தலையில போட்டீங்களா?"

அவள் மேஜைமேல் இருந்த போனைக் கணவன் பக்கம் நகர்த்தினாள்.

"முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மேனேஜர் போனை எடுத்தார். "சார்... இதுவரை ஒத்திகை ஒண்ணுகூட நடக்கலை. பொய்க் கையெழுத்து போட்டது நான்தான். அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லை."

பொறியாளருக்கு அடக்கிவைத்த அழுகையெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த மேனேஜர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் காதில் விழாததுபோல், பொறியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, வெளியே போகலாம்" என்றாள்.