தகடு இல்லாத குழி

எட்டுக் குடம் ஊற்றியும் குழி நனையவில்லை. தண்ணீர் தேங்கவில்லை, மண் கறுக்கக்கூட இல்லை. அடியிலிருந்து யாரோ மடக்மடக்கென்று விழுங்குவது போன்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

காற்றுக் குமிழி என்று சொல்லிக்கொண்டான் லைன்மேன் அர்த்தநாரி. பனமரத்துப்பட்டி ஏரியே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடை அது. இந்தச் சின்னத் தந்தி ஆபீசில் மூன்று நாளாகக் கருவி தட்டவில்லை. பொழுது சாய்வதற்குள் சரிசெய்யாவிட்டால் வேலை போய்விடும் என்று சேலத்தில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

தந்திக்குக் கம்பி ஒன்றுதான். மின்சாரம் கம்பி வழியே வரும், மண் வழியே திரும்பிப் போகும். அதற்காகத்தான் ஆபீசின் பின்புறம் குழி வெட்டி, கம்பி நுனியில் செப்புத் தகட்டைக் கட்டிப் புதைத்து, மண்ணை ஈரமாக வைப்பது. ஈரம் போனால் வழி அடைபடும். இது இந்த ஊர் மரமண்டைகளுக்கு எங்கே ஏறப்போகிறது?

"ஒரு குடம் தண்ணி ஒழுங்கா ஊத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் சர்க்கார் சம்பளம்!" என்றான், தண்ணீர் ஊற்றும் பெருமாயியிடம்.

"ரெண்டு வேளையும் ஊத்துறனுங்க சாமி. உங்களுக்கு முந்தி இருந்த வீரன் லைன்மேன் எறங்கிச் சரிபண்ணுனதுலருந்து மூணு வருசம் நல்லாத்தானுங்க ஓடுச்சு."

"அவன் வேலைய உட்டுட்டு ஓடிப்போன பய."

"ஓடலீங்க," என்றாள் அவள். "எறங்குனாருங்க."

காறித் துப்பிவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து குழிக்குள் குதித்தான்.

இடுப்பளவு தோண்டியதும் மண் உடம்புச் சூட்டில் இருந்தது. உப்பும் பழைய வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கம்பியைப் பற்றியபடியே கீழே துழாவினான். தகடு தட்டுப்படவில்லை. சுள்ளிகள். ஐந்து. மடங்கியிருந்தன. காய்ந்துபோன ஒரு கை கம்பி நுனியை இறுகப் பிடித்திருந்தது.

இழுத்தான். விரல்கள் பொடிந்து உதிர்ந்தன. கம்பி நுனி அவன் உள்ளங்கைக்கு வந்தது.

உள்ளே கருவி தட்டத் தொடங்கியது.

"சேலம் பேசுதுங்க! அப்படியே புடிச்சுக்கோங்க, உட்றாதீங்க!" போஸ்ட்மாஸ்டர் சரவணமுத்துவின் குரல் துள்ளியது.

உதறினான். விரல் விரியவில்லை. காலைத் தூக்கினான். மண் விடவில்லை. முழங்கால். இடுப்பு. நெஞ்சு.

"தகடு எப்பவோ களவு போச்சுங்க சாமி," என்றாள் பெருமாயி. சற்று முன் அவன் அவளைப் பார்த்த அதே ஏளனப் பார்வையில் அவனைப் பார்த்துக்கொண்டு, குடத்தைச் சாய்த்தாள்.

காலையில் ஒரு குடம், பொழுது சாய ஒரு குடம். தலையிலேயே ஊற்ற வேண்டும். மூன்று வருசம் தாங்கும்.