மாடி அறையில் கத்துகிறவன்

போன வாரம் நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்கச் சொன்னான் சதீஷ். ஜாபிருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன ஞாயிறு முழுக்க அவன் காய்ச்சலில் கிடந்தான், விளையாட்டே நடக்கவில்லை.

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. கேம் மாஸ்டராக ஜாபிர் கதையைச் சொல்ல, பாபநாசத்திலிருந்து சதீஷும் நீடாமங்கலத்திலிருந்து வானதியும் வீடியோ காலில் அதற்குள் நடப்பார்கள். வீட்டார் எல்லாரும் ஷார்ஜாவுக்குப் போய்விட்ட பிறகு, கூத்தாநல்லூரின் அந்தப் பெரிய வீட்டில் அவன் வாய்விட்டுப் பேசுவது வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான்.

"நல்லாத்தானே சொன்னே," என்றாள் வானதி. எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் ஒரு வாசனை, அப்புறம் ஒரு பூட்டிய அறை, கடைசியில் குரலை இறக்கி ஒரு கேள்வி. அவனுடைய பழக்கம் அன்றைக்கும் மாறவில்லையாம். இருவரும் சிரித்தார்கள்.

அந்திநேர மஃரிப் பாங்கு ஓய்ந்து, பக்கத்துத் தகரக் கொட்டகைமேல் மழை மட்டும் சீராக விழுந்துகொண்டிருந்தது. வயலிலிருந்து அவன் இருந்த மாடி அறையின் ஜன்னல்வரை ஏறிவந்த தவளைச் சத்தம் யாரோ கையமர்த்தியதுபோலச் சட்டென்று நிற்க, வாய்க்கால் சேறும் அப்போதுதான் அணைந்த ஊதுபத்தியும் கலந்த ஒரு வாடை அறைக்குள் மெல்லப் பரவியது.

"அன்னிக்குப் பேசுனது நான் இல்லை," என்றான் ஜாபிர்.

திரையில் இருவருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

"முதல்ல ஒரு வாசனை," என்றது போனில் அவன் குரல். "சேறு. ஊதுபத்தி."

திரையில் அவன் முகம் பேசிக்கொண்டிருந்தது. ஜாபிர் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். மூடியிருந்தது.

கத்தினான். சத்தம் அறைக்குள்ளேயே சுற்றி அடங்கியது.

"மாடியில ஒரு அறை. உள்ள ஒருத்தன் கத்தறான். தான்தான் ஜாபிர்னு சொல்றான்." குரல் இறங்கியது. "என்ன செய்யறீங்க?"

திறந்து பார்க்கலாம் என்றான் சதீஷ். ஜாபிர் போனை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தான். திற. திறந்துடு சதீஷ்.

பகடை உருண்டது. ஒன்று. சதீஷின் முயற்சி தோற்றது.

"விடு," என்றாள் வானதி. "சாத்திட்டுப் போயிடலாம்."

ஜாபிரின் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்ல நகர்ந்தது. வெளியே தாழ் விழுந்தது. விளக்கு போனது. திரை மட்டும் மிச்சம். அதிலிருந்த முகம் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தது. கை நீண்டது. திரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானின்மேல், ஒரு விரல்நுனி அழுந்தி, வெளுத்தது.