ஒற்றை நட்சத்திரச் சாம்பார்

2023 நவம்பர் 4, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஒரு மெஸ்ஸில் இருபத்து நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே மழை.

நின்றவர்களில் ஒருத்தி கெசியா. பாளையங்கோட்டைப் பெண், வங்கி வேலையில் புதிதாகச் சேர்ந்து, மூன்று வாரப் பயிற்சிக்காகக் குரோம்பேட்டைக்கு வந்தவள். விடுதியில் சனி, ஞாயிறு சாப்பாடு கிடையாது. கைப்பேசி காட்டிய கடையைத் தேடி வந்திருந்தாள். மூன்று நாற்காலிகள் காலியாகி, மூன்றிலும் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னாமா, ஓரமா நின்னுகினே கீற? சாப்புடறவங்க பின்னாடி போய் நில்லு. அவங்க எழுந்தா அது உன் சீட்டு," என்றார் பரிமாறிக்கொண்டிருந்த சிட்டிபாபு.

"சாப்பிடுதவங்க முதுகுக்குப் பின்னால எப்படிண்ணே நிக்க? அவங்களுக்கு வயித்துவலி வரும்லா..."

பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞன் திரும்பினான். "எனக்கு வராது. என் பின்னாடி நில்லுங்க."

"நீங்க இப்பதான் சாம்பாருக்கே வந்திருக்கீங்க."

"ஆமா. ரசம், மோரு எல்லாம் பாக்கி. நீங்க முறைச்சா சீக்கிரம் முடிச்சிடுவேன்."

முறைக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கண்கள்... உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். கெசியா அவசரமாக மழையைப் பார்த்தாள்.

அவனுக்கு அடுத்த நாற்காலி காலியானதும், அதன் மேல் இடது கையை வைத்து அவளுக்காகப் பிடித்துக்கொடுத்தான். பெயர் ஷெர்வின். வீடு அஸ்தினாபுரம், வேலை சிறுசேரியில். வாரம் ஒரு புது மெஸ்ஸில் சாப்பிட்டுப் பார்ப்பது வழக்கம் என்றான்.

"ஸ்டாரைப் பாத்து வராதீங்க. எச்சில் இலை போடற கூடையைப் பாருங்க. இலையில சோறு மிச்சம் இருந்தா ஓடிடுங்க."

"இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருப்பேன். போன ஞாயித்துக்கிழமை, வந்த அன்னைக்கே, உங்க அஸ்தினாபுரத்துல ராணி மெஸ்ஸுன்னு ஒண்ணுல சாப்பிட்டேன். சாம்பாரா அது? கோவளம் கடல் தண்ணிய அப்படியே ஊத்தியிருந்தாங்க. ஒரே ஒரு ஸ்டார்தான் போட்டேன். அதுவும் உக்காரச் சொன்னதுக்கு!" கைப்பேசியை நீட்டிக் காட்டினாள்.

அவன் படித்தான். ரசம் விரலிடுக்கில் வழிந்து இலைக்கு வெளியே ஓடியது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல... மோரு வாங்கிக்கோங்க. இங்க மோரு நல்லா இருக்கும்."

மறுநாளிலிருந்து அவனே வழிகாட்டினான். தாம்பரம் சானடோரியம் ரயிலடியில் இட்லியும் வடகறியும். சேலையூரில் பரோட்டா. கோவளத்தில், படகிலிருந்து இறங்கிய மீனைக் கண்ணெதிரே வறுத்துத் தந்த பேபி அக்கா கடை... "முள்ளு பாத்து எடுத்துக் குடு தம்பி, அந்தப் பொண்ணு உன்னையே பாத்துகினு கீது," என்று அக்கா சொல்ல, கெசியா தலை நிமிரவே இல்லை.

அந்த நாட்களைப் பற்றி இன்று கேட்டால் அவள் ருசிகளைச் சொல்வதில்லை. ஒரே தலைக்கவசத்தை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் நனைந்தபடி வண்டி ஓட்டியதைச் சொல்கிறாள். சிக்னலில் நின்றபோது அவன் காதோரம் மழை சொட்டியதைச் சொல்கிறாள். முடிச்சூர் சாலை மெஸ் இப்போது இல்லை. அங்கே ஒரு மருந்துக்கடை இருக்கிறது.

ஒன்று மட்டும் அப்போது அவளுக்குப் புரியவில்லை. "உங்க ஏரியாவுல நல்ல கடையே இல்லையா?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் பேச்சை மாற்றினான்.

நவம்பர் 16, வியாழன் மாலை. ஷேர் ஆட்டோ அஸ்தினாபுரத்தில் தண்ணீரில் நின்றுபோனது. இறங்கி, கண்ணில் பட்ட முதல் கூரைக்கு ஓடினாள். நிமிர்ந்தால் பலகை: ராணி மெஸ். உள்ளே சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு... ஷெர்வின்.

"உள்ள வாம்மா, நனையாத," என்றார் அடுப்படியிலிருந்து ஓர் அம்மாள். "டேய் ஷெர்வின், துண்டு எடுத்துக் குடுறா. எங்க வேணா உக்காரும்மா, எல்லாம் காலியாத்தான் கீது. எவளோ ஒருத்தி போன்ல பொய்யா எழுதிட்டா. மாசச் சாப்பாட்டுப் பசங்க ஒன்பது பேரு நின்னுட்டாங்க. இருபத்தோரு வருசமா நடத்துறேன்..."

அது அவன் அம்மா அமலராணி. மற்ற மெஸ்களில் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து வர வாரந்தோறும் மகனை அனுப்புகிறவர். வேவு பார்க்கப் போனவன் அதைச் சிட்டிபாபு காதுபட எப்படிச் சொல்வான்?

வாசலுக்கு வந்து கெசியா ஷெர்வினிடம் கேட்டாள். "தெரிஞ்சே பன்னெண்டு நாளா என்னைய ஊரு சுத்திக் காட்டினீங்களா? அந்த ஸ்டாரை அழிக்க வைக்கவா?"

"முதல் நாள் அப்படித்தான் நினைச்சேன்..."

அதற்கு மேல் கேட்க அவள் நிற்கவில்லை. மழையில் நடந்தாள். வெள்ளிக்கிழமை அவன் ஆறு முறை அழைத்தான். எடுக்கவில்லை.

ஆனால் அவளை உறுத்தியது அவன் மறைத்தது மட்டுமல்ல. 'பொய்யா எழுதிட்டா...' அந்தச் சொல். காலியாகக் கிடந்த அந்த நாற்காலிகள்.

பயிற்சி முடிந்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊருக்கு ரயில். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியோடு ராணி மெஸ்ஸில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அதை எழுதினது நான்தான். அழிச்சிடுதேன். ஆனா பொய்யில்ல... நெசமாவே உப்பு."

அமலராணியின் கரண்டி நின்றது. "என்னிக்கு சாப்ட்ட?"

"அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சலாச்சே! இவன்தான் அடுப்படியிலயே நின்னு சமைச்சான். கேட்டதுக்கு, சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னானே..." மகனைப் பார்த்தார்.

ஷெர்வின் தலைகுனிந்தான். "ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன்மா. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு." பிறகு கெசியாவிடம் திரும்பினான். "உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. உண்மையச் சொன்னா அடுத்த வேளைக்கு என்கூட சாப்பிட வரமாட்டீங்களேன்னு... கோவளத்துக்கு அப்புறம் அந்த ஸ்டார் ஞாபகமே இல்லங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு, கெசியா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள். அவள் பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். காது மடல் சுட்டது.

"எனக்கும்தான்..." என்றாள். "உங்க சமையல் மட்டும் வேண்டாம்."

அமலராணி இலை போட்டார். "அத அழிக்காத. அன்னிக்கு இருந்தத எழுதின. இன்னிக்கு சாப்ட்டு, இன்னிக்கு எப்படியோ அதையும் எழுது. உக்காரு."

கெசியா மூன்று மணி ரயிலில் ஊருக்குப் போனாள். 2024 ஜூனில் அவளுக்குக் குரோம்பேட்டைக் கிளைக்கு மாற்றல் கிடைத்தது. செப்டம்பரில் திருமணம் நடந்தது. விருந்துச் சமையலை வெளியாளிடம் விட்டிருந்தார்கள். அமலராணி முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.