ஆற்றோரம் கடைசியாக வந்தவர்

ஏல்ஸ்விக் ரயில் நிலையத்து வாசலில் வியாழக்கிழமை நடைக்காரர்கள் கூடியிருந்தார்கள். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். லண்டனின் இந்த மேற்கு ஓரத்தில் ஓய்வு பெற்றவர்களுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பழைய தேவாலயம், பிரபுவின் பூங்கா, தேம்ஸ் கரை வீடுகள், படகுத் துறை என்று பார்த்ததையே பார்த்துவிட்டு, ஆற்றோர மதுக்கடையில் சூடாக எதையாவது சாப்பிட்டுக் கலைவார்கள். அன்று ஜனவரிக் குளிர். பனி ஆற்றிலிருந்து எழுந்து தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது.

லொரெய்ன் வர விரும்பவில்லை. வரக் கூடாது என்றும் நினைக்கவில்லை. ஆகஸ்டில் கணவன் கீத் இறந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

அவளை இழுத்து வந்தவர் கீழ்வீட்டு நார்மன். எண்பதைத் தாண்டியவர், கைத்தடிக்காரர். கீத் போன பிறகு ஞாயிறுதோறும் அவள் வாசலில் ஒரு கிண்ணம் சூப் வைத்துவிட்டுப் போவார். மணி அடிக்க மாட்டார். துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். இந்த ஊர்க்காரர்களின் அன்பு இப்படித்தான், பூனை மாதிரி வந்து பூனை மாதிரிப் போகும்.

நடையை நடத்துபவர் கிளைவ், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். இரண்டு மஞ்சள் மேலங்கிகளில் ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, இன்னொன்றை லொரெய்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீங்கதான் வால். ஒரே வேலைதான். உங்களுக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது. யாராவது நின்னா நீங்களும் நிக்கணும். விட்டுட்டு வந்துடாதீங்க."

"பாத்தியாம்மா, அறுபதைத் தாண்டி உனக்கு வால் முளைச்சிருக்கு," என்றார் நார்மன். "கவலப்படாத, நானும் உங்கூடவே வரேன். என்னைவிட மெதுவா நடக்க இந்த ஊர்ல ஆமைகூடக் கிடையாது."

"இன்னொண்ணு," என்றார் கிளைவ். "நேத்துப் பௌர்ணமி. சாயங்காலம் கடல் ஓதம் ஆத்துக்குள்ள ஏறும், ஆத்தோர ரோடு முழுகிடும். இருட்டுறதுக்குள்ள கடைக்குள்ள இருக்கணும்."

அது ஊருக்கே தெரிந்த சமாசாரம். ஆற்றோர வீடுகளில் கதவு நிலையின் அடியில் பலகை செருகிக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் காரை நிறுத்தியவன்தான் தண்ணீர் வடிந்த பிறகு தலையில் கை வைப்பான்.

பூங்காவுக்குள் போனபோது பனி இறுகியது. பிரபுவின் மாளிகை ஒரு வெளுத்த கறையாகத் தெரிந்தது. தேவதாரு மரங்களிலிருந்து நீர் சொட்டியது. கிளைவின் குரல் முன்னால் எங்கோ பிரபுவின் கடனையும் குதிரைகளையும் பற்றிப் பேசிக்கொண்டே போய்த் தேய்ந்தது. நார்மன் இரண்டடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினார். மூன்றடிக்கு ஒரு தரம் செருமினார். ஆற்றுப் பக்க வாசலை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேம்மா."

லொரெய்ன் கம்பியைப் பிடித்து நின்று ஆற்றைப் பார்த்தாள். நீர் வடிந்து கிடந்தது. சேற்றில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. கீத் இருந்தால் அதைப் பார்த்து ஏதாவது கேலி பேசியிருப்பான். என்ன பேசியிருப்பான் என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பியபோது பெஞ்சு காலியாக இருந்தது.

முன்னால் போயிருப்பார் என்று வாசலைத் தாண்டி ஆற்றோர ரோட்டில் நடந்தாள். வெளிச்சம் குறைந்திருந்தது. நாரை நின்ற சேறு இப்போது நீருக்குள் போயிருந்தது. தான் எவ்வளவு நேரம் நின்றோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் தடி தட்டும் சத்தம் கேட்டது.

நின்றாள். சத்தமும் நின்றது. ஒரு செருமல்.

"நார்மன்? பின்னாலயா இருக்கீங்க?"

அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை வந்தது. வடிந்த ஆற்றின் வாடை அது. ஆனால் ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. பயப்படவும் கொஞ்சம் உயிர் வேண்டும். வால் என்றால் பின்னால் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் மனசில் ஓடியது. வந்த வழியே திரும்பினாள். ரோட்டில் விளிம்பு தாண்டி மெல்லிய நீர் படர ஆரம்பித்திருந்தது.

சத்தம் ரோட்டிலிருந்து விலகி, பழைய படகுத் துறைப் படிகளில் கீழே இறங்கியது. அவளும் இறங்கினாள்.

மேலிருந்து இரண்டாம் படியில் ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி, கழுத்தைச் சுற்றிய துண்டு, பக்கத்தில் தடி. இடுப்புவரை தண்ணீர்.

"ஐயோ நார்மன், இங்க ஏன் வந்தீங்க?"

"எந்திரிக்க முடியல." குரல் மிக மெதுவாக வந்தது. "கை குடு."

"பிடிச்சுக்கங்க."

"என்னையும் கூட்டிட்டுப் போவியா?"

"இதென்ன கேள்வி. உங்களை விட்டுட்டா போவேன்? வாங்க."

பிடித்த கை பனிக்கட்டியாக இருந்தது. கையுறைகூட இல்லை. அவள் விரல்கள் உடனே மரத்தன. படியேறி ரோட்டுக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அவள் முன்னால் நடக்க, அவர் பிடித்த கையோடு பின்னால் வந்தார். பனிக்குள், ரோட்டின் வீட்டுச் சுவர்ப் பக்கமாக, யாரோ எதிர்த் திசையில் தளப் தளப்பென்று போவது போலிருந்தது. யாரோ ஊர்க்காரர், வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தாள்.

பாதி வழியில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

நார்மனுக்கு மூச்சு வாங்கவில்லை.

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. கழுத்து திரும்பவில்லை. மதுக்கடையின் மஞ்சள் ஜன்னல் தெரிந்தது. படியேறிக் கதவைத் தள்ளினாள். கணப்பின் சூடு முகத்தில் அடித்தது. எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிளைவ் எழுந்து வந்தார்.

"அப்பாடா, வந்துட்டீங்களா. நார்மன் எங்க?"

அவள் மேசையைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள்.

"உங்களைத் தேடித்தானே போனாரு? வழியில பாக்கலியா?" கிளைவ் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஆத்தைப் பாத்துட்டு நின்னீங்களாம். கீத்தை நெனச்சுட்டு இருக்கா, கலைக்க வேண்டாம்னு சத்தம் போடாம எங்க பின்னாடி வந்துட்டாரு. இங்க வந்து உக்காந்ததும் மனசு கேக்கல. தண்ணி ஏறுது, அந்தப் புள்ள தனியா இருக்குன்னு எழுந்து போயிட்டாரு. நான் போறேன்னேன். சூப்பை ஆர்டர் பண்ணி வை, அவளைக் கூட்டிட்டு வரேன்னாரு."

லொரெய்னின் கை இன்னும் பின்னால் பிடிபட்டிருந்தது.

கிளைவ் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். முன்பின் தெரியாதவரைப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்கள் வைத்துக்கொள்ளும் அந்தப் புன்னகை அவர் முகத்தில் வந்தது.

"வாங்க சார். உள்ள வாங்க, குளிருது. கதவைச் சாத்திடுங்க."

அவளைப் பிடித்திருந்த கை விட்டது.

ஈரக் காலடிகள் பலகைத் தரையில் அவளைக் கடந்து போயின. கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலி ஒன்று முனகியது. அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். லொரெய்ன் பார்க்கவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ரோடு இல்லை. படிவரை ஆறு நின்றது.

ஓடினாள். கீழ்ப்படியிலேயே தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அவள் கத்தினாள். ஆகஸ்டிலிருந்து அடைத்துக் கிடந்த குரல் அது, அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"நார்மன்..."

பனிக்குள்ளிருந்து, பூங்கா வாசல் பக்கமாக, பதில் வந்தது. மூச்சு இரைக்க.

"லொரெய்ன், நீயாம்மா? அங்கயே நில்லு. பயப்படாத. இதோ வந்துட்டேன்."

"நான் கரையில இருக்கேன். நீங்க திரும்பி வாங்க."

"வரேன், வரேன். எங்க இருக்க?"

"இங்க. கடைப் படியில. இங்க பாருங்க."

"நில்லும்மா. வந்துட்டேன்."

ஒவ்வொரு பதிலும் முன்னதைவிடத் தள்ளிக் கேட்டது. இப்போது அது ரோட்டுப் பக்கமாக இல்லை, ஆற்றின் நடுவிலிருந்து வந்தது. அவள் இறங்கப் போனபோது கிளைவும் கடைக்காரரும் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அவர்களைக் கீறினாள், உதைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அழுதாள். கீத்துக்காக வராத கண்ணீரும் அதோடு சேர்ந்து வந்தது. மீட்புப் படகு வந்தபோது குரல் நின்றுபோயிருந்தது.

கணப்புப் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. இருக்கையில் சேறும் தண்ணீரும் கிடந்தன. நார்மனுக்கு வைத்த சூப்புக் கிண்ணம் காலியாக இருந்தது. யார் உட்கார்ந்தது என்று போலீஸ் கேட்டபோது, கவனிக்கவில்லை என்றார்கள் எல்லாரும். கிளைவும் அதையே சொன்னார், லொரெய்னின் முகத்தைப் பார்க்காமல்.

நார்மனின் உடல் இரண்டு வாரம் கழித்து ஆற்றின் போக்கில் கீழே ஒரு பாலத்தடியில் கிடைத்தது. அடக்கத்தில் லொரெய்ன் வாய்விட்டு அழுதாள். நல்லது, இனித் தேறிவிடுவாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் ஆற்றோர ரோடு முழுகும் நாள்களில் அவள் கடைப் படியில் வந்து நிற்கிறாள். கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார், கதவையும் சாத்திக்கொள்வார். அவருக்கும் கேட்கிறது.

"லொரெய்ன்? எங்கம்மா இருக்க?"

"நான் வீட்டுக்கு வந்துட்டேன், நார்மன். பத்திரமா இருக்கேன். நீங்க போங்க."

ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். அவர் காதில் விழுவதில்லை. இருட்டில் யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடக்கும் சத்தம் படியைத் தாண்டிப் பூங்கா வாசல்வரை போகிறது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தேடத் தொடங்குகிறது.